பாட்டில் பக்குவம் என்கிறார்களே, அது என்ன?

போன மாதம் தல்லாகுளத்தில் ஒரு கச்சேரிக்கு என் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பாடிய பெண்ணுக்கு இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். சுருதி சுத்தம், பிருகா, அதாவது வேகமான ஸ்வர உருட்டல், அப்படிக் கொட்டுகிறது, ஸ்வரக் கணக்குகள் எல்லாம் சொல்லி வைத்த மாதிரி வந்து இடத்தில் விழுகின்றன. முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தன் நண்பரிடம், "பிள்ளை நல்லாப் பாடுது, இன்னும் ஒரு பத்து வருசம் போகட்டும், பக்குவம் வந்துரும்" என்றார். வண்டியில் ஏறியதும் அவள் கேட்டாள்: "ஸ்வரம், தாளம் எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு, அத்தை? தப்பே இல்லாமப் பாடினதுக்கு அப்புறம் என்ன மிச்சம் இருக்கு?" கோரிப்பாளையம் சிக்னலில் பதில் சொல்ல ஆரம்பித்தேன், வீடு வரும்வரை முடியவில்லை. அவளைப் போல இப்போதுதான் கர்நாடக இசை கேட்க ஆரம்பித்திருக்கிற யாருக்கும் இந்தக் கேள்வி வரும், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு விஷயம். ஒரு கீர்த்தனையில் எது ஏற்கெனவே முடிவானது, எது பாடுபவர் கையில் விடப்பட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ராகம், தாளம், சாகித்யம் (பாட்டின் சொற்கள்) இந்த மூன்றும் இயற்றியவர் கொடுத்தது. சங்கதிகள், அதாவது ஒரே வரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிப் பாடுகிற விதங்கள், பெரும்பாலும் குருவிடமிருந்து வருகின்றன, அதைத்தான் பாடாந்தரம் என்கிறோம். இவ்வளவும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட முடியும். ஆனால் எந்த வேகத்தில் பாட்டை எடுப்பது, எடுத்த வேகத்தைக் கடைசிவரை எப்படிப் பிடித்து வைப்பது (இதற்குக் காலப்பிரமாணம் என்று பெயர்), ஒரு ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, கமகத்தை (ஸ்வரத்துக்குக் கொடுக்கும் அசைவை) எவ்வளவு அசைப்பது, எந்தச் சொல்லுக்கு அழுத்தம் கொடுப்பது, எங்கே மூச்சு எடுப்பது, இதெல்லாம் எந்த நோட்டிலும் இருக்காது. இதற்கு மேல் ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் என்று அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதைப் பாடும் பகுதிகள் வேறு இருக்கின்றன, அவற்றுக்கு மனோதர்மம் என்று பெயர். பாட்டில் பாவம் என்று பாடகர்கள் சொல்கிற அந்த உணர்ச்சி வெளிப்பாடு முழுக்க இந்த எழுத முடியாத பகுதியில்தான் குடியிருக்கிறது. அந்தப் பெரியவர் பக்குவம் என்று சொன்னதும் இதைத்தான்: எழுத முடியாத அந்த இடங்களில் ஒருவர் என்ன முடிவு எடுக்கிறார் என்பதை.

அந்த முடிவுகளுக்கும் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு நான் பாடம் பண்ணின ஒரு பாட்டைத்தான் காட்ட முடியும்.

சியாமா சாஸ்திரிகள் (1762–1827) மதுரைக்கு வந்து மீனாட்சி மேல் ஒன்பது கீர்த்தனைகள் பாடினார், அவற்றை நவரத்னமாலிகை என்று சொல்வது மரபு. அதில் ஒன்று ஆஹிரி ராகத்தில் 'மாயம்மா'. தெலுங்குதான், ஆனால் பல்லவியின் அர்த்தம் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம்: எங்கள் அம்மா என்று நான் உன்னைக் கூப்பிட்டால், நீ என்னோடு பேசக்கூடாதா, அம்பா? அவ்வளவுதான். அனுபல்லவியில், இது உனக்கு நியாயமா மீனாட்சியம்மா என்று கேட்கிறார். சாஸ்திரிகள் தஞ்சாவூரில் பங்காரு காமாட்சிக்கு அன்றாடம் பூஜை செய்தவர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். தினம் முகம் பார்த்து விளக்கேற்றுகிறவர் கேட்கிற கேள்வி அது.

எனக்குப் பதினாறு வயதில் இந்தப் பாட்டு பாடமானது. டீச்சர் வீடு மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். காலையில் ஆஹிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு, அதனால் டீச்சர் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துதான் அந்தப் பாட்டைத் தொடங்குவார். ஏழெட்டு வாரத்தில் சங்கதிகள் எல்லாம் எனக்குச் சரியாக வந்துவிட்டன. நவராத்திரிக்குக் கொலுவில் பாடுவதற்கு முன்னால் டீச்சரிடம் ஒருமுறை முழுசாகப் பாடிக் காட்டினேன். கடைசிவரை தாளம் போட்டுக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா நீ கூப்பிடலயே, ஒப்பிக்கிற" என்றார். எனக்குப் புரியவில்லை. இன்னும் உருக்கமாகப் பாடச் சொல்கிறார் என்று நினைத்து அடுத்த தடவை குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டேன், "அது வேண்டாம்" என்று உடனே நிறுத்திவிட்டார்.

அப்புறம் பல வருடம் கழித்து என் அப்பா இறந்தார். இரண்டு மாதம் தம்புராவைத் தொடவில்லை. மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து மாயம்மாவை எடுத்தேன், பல்லவி இரண்டாவது ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) தாண்டவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது, சுருதி கீழே இறங்கிப் போய்விட்டது. கேட்ட வீட்டு ஆட்கள் கலங்கிப் போனார்கள். ஆனால் அவர்களைக் கலங்க வைத்தது ஆஹிரி இல்லை, என் முகம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'பெரிய துக்கத்தைப் பார்த்தவர்தான் பெரிய பாட்டுப் பாட முடியும்' என்று நம்முடைய ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். துக்கம் புதிதாக இருக்கும்போது அது தொண்டையைத்தான் பிடிக்கும், மூச்சைத்தான் குறைக்கும். பாட்டுக்கு வேண்டியது சீரான மூச்சும் நிதானமும். அனுபவம் நேராகக் குரலுக்குள் வந்து இறங்குவதில்லை. எங்கேயோ போய்த் தங்கி, ஆறி, வேறு ஒரு உருவத்தில் திரும்பி வருகிறது.

எனக்கு அது திரும்பி வந்தது அடுப்படியில். மகளுக்கு அப்போது மூன்று வயது. நான் குழம்பைத் தாளித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளறையிலிருந்து அம்மா என்று கூப்பிடுகிறாள். கை வேலையாக இருக்கிறது, பதில் சொல்லவில்லை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி அம்மா, இந்த முறை நீட்டி, கடைசி எழுத்தை மேலே தூக்கி. மறுபடி இடைவெளி. மூன்றாவது தடவை சத்தமே போடவில்லை, முதல் தடவையைவிட மெதுவாக, கீழே இறங்கி, அம்மா என்றாள், நான் அங்கே இருக்கிறேனா என்று சந்தேகம் வந்த மாதிரி. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ராத்திரி படுத்திருக்கும்போதுதான் உறைத்தது: அவள் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுவிட்டு நிறுத்தினாளே, அந்த இடைவெளியில் அவள் சும்மா இல்லை, காது கொடுத்துக் காத்திருந்தாள்.

மாயம்மாவின் பல்லவியில் அந்தச் சொல் முடிந்ததும் கொஞ்சம் இடம் இருக்கிறது. பதினாறு வயதில் அந்த இடத்தில் நான் செய்ததெல்லாம் மூச்சு எடுத்துக்கொண்டு அடுத்த சங்கதிக்குத் தயாரானது மட்டும்தான். கூப்பிட்டவர் பதிலுக்குக் காத்திருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சங்கதிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுவதைத் திறமை காட்டுகிற படிக்கட்டு என்று நினைத்திருந்தேன், பதில் வராததால்தான் கூப்பிடுகிற விதம் மாறுகிறது என்று வைத்துப் பாடினால் அதே சங்கதிகள் வேறு மாதிரி ஒலிக்கின்றன. ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை. அந்தக் கார்வையில், அதாவது நிற்கிற இடத்தில், அரை மாத்திரை நேரம் கூடுதலாகக் காது கொடுத்து நின்றேன், அவ்வளவுதான் வித்தியாசம். இதை முதன்முதலாக வீட்டில் அப்படிப் பாடிப் பார்த்த அன்றைக்குக் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, "என்னடி, கூப்பிட்டியா?" என்று கேட்டார்.

ஆகவே என்னைக் கேட்டால், அனுபவம் பாட்டுக்குக் கொடுப்பது பெரும்பாலும் இப்படிச் சின்ன விஷயங்கள்தான். எங்கே அவசரப்படக்கூடாது என்று தெரிவது. எதைப் பாடாமல் விடலாம் என்று தெரிவது. இளம் பாடகர் ஒரு ராகத்தில் தனக்குத் தெரிந்த பத்துப் பிடியையும் (ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரத் தொடர்களையும்) ஐந்து நிமிடத்தில் காட்டிவிடப் பார்ப்பார், அது அந்த வயதுக்கு இயல்பு, அடுத்த கச்சேரி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலையும் அதில் உண்டு. முதிர்ந்தவர் மூன்று பிடியில் ராகத்தை நம் முன்னால் உட்கார வைத்துவிடுவார். கேட்பவருக்கு அதில் ஓர் ஆசுவாசம் கிடைக்கிறது, விச்ராந்தி என்று ரசிகர்கள் சொல்வது அதைத்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். அப்படியானால் சின்ன வயதில் உருக்கிவிடுகிறவர்களை என்ன சொல்வது?

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி ஆயிரத்து முந்நூறு வருடப் பழையது. திருஞானசம்பந்தர் மூன்று வயதில் பாட ஆரம்பித்து, பதினாறு வயதுக்குள் வாழ்வை முடித்தவர் என்பது மரபு. அவர் மதுரைக்கு வந்தபோது, இந்தச் சின்னப் பிள்ளை இத்தனை பேருக்கு முன்னால் என்ன செய்யப் போகிறதோ என்று பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார் கவலைப்படுகிறார். அவருக்குப் பதிலாகத்தான் 'பாலன் ஈங்கிவன் என்று நீ பரிவு எய்திடேல்' என்று பாடுகிறார் சம்பந்தர், சிறுவன் என்று நினைத்து வருந்தாதே என்று. அதே காலத்தில் வாழ்ந்த அப்பர் நேர் எதிர். சமணம் போய், சூலை நோயில் துடித்து, தமக்கையிடம் திரும்பி வந்து, அந்த வலியில்தான் 'கூற்றாயினவாறு' என்று முதல் பதிகத்தை எடுக்கிறார். எண்பத்தொரு வயதுவரை வாழ்ந்தார் என்பார்கள். ஒருவர் எதையும் படாமல் பாடியவர், ஒருவர் எல்லாம் பட்டுப் பாடியவர், கோயிலில் ஓதுவார் இரண்டு பேர் பாட்டையும் ஒரே மூச்சில்தான் பாடுகிறார். யார் பாட்டு ஆழம் என்று நாம் யாரும் தராசு பிடித்ததில்லை. ஆனால் இரண்டின் சுவையும் ஒன்றில்லை என்பது காது உள்ள எவருக்கும் தெரியும். சம்பந்தர் பாட்டில் துள்ளல், ஒரு தயக்கமில்லாத உரிமை. அப்பர் பாட்டில் தழுதழுப்பு, திரும்பிப் பார்த்தல்.

நம் காலத்துக்கு வந்தால் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1969இல் பிறந்தவர், ஒன்பது வயதிலேயே மேடை ஏறிவிட்டார், பன்னிரண்டு வயதில் சென்னையில் வாசித்தபோது கேட்டவர்கள் அசந்து போனார்கள். அந்த வயதில் அவருக்கு என்ன வாழ்க்கை அனுபவம் இருந்திருக்க முடியும்? ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி ஞானம், அதாவது கேட்டுக் கேட்டே வந்த அறிவு, இருந்தது. ராகங்கள் பல தலைமுறை மனிதர்கள் பாடிப் பாடி மெருகேற்றியவை, சகானாவின் அந்தக் குழைவும் முகாரியின் அந்த இறக்கமும் ஏற்கெனவே யார் யாரோ வாழ்ந்து பார்த்து வைத்தவை. நல்ல காதும் நல்ல குருவும் உள்ள ஒரு குழந்தை அதை அப்படியே வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட முடியும். மொழியும் அப்படித்தானே, பாட்டி பேசுவதைக் கேட்டு வளர்ந்த குழந்தை பாட்டி மாதிரியே 'என்னமோ போ' என்று பெருமூச்சு விடுகிறது. என்ன போனது என்று அதற்குத் தெரியாது, ஆனால் சொல்கிற தொனி அச்சாக இருக்கும்.

அதோடு, வயதானால் தானாகப் பக்குவம் வந்துவிடும் என்பதும் கிடையாது. இருபது வயதில் பாடிய அதே ஐந்து பாட்டை, அதே சங்கதி வரிசையில் ஐம்பது வயதிலும் பாடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வருடம் ஏறியிருக்கிறது, பாட்டு அங்கேயே நிற்கிறது. பக்குவப்பட்டவர்கள் என்று நாம் கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் கடைசிவரை ஏதாவது கற்றுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1916இல் இந்த ஊரில், மீனாட்சி கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவர். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். முதல் இசைத்தட்டு வந்தபோது எம்.எஸ்ஸுக்குப் பத்து வயதுதான். அந்தக் குரல் அப்போதே இருந்தது. ஆனால் அறுபது வயதைத் தாண்டிய பிறகு அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் புதிதாகப் பாடம் பண்ணி, சொல் சொல்லாக உச்சரிப்பைச் சரிபார்த்துப் பதிவு செய்தாரே, அந்த உழைப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்தப் பதிவுகளில் அவர் எதையும் நிரூபிக்கிற அவசரத்தில் இல்லை.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆரம்பத்தில் கேட்பவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. வயது ஏற ஏறக் குரல் நாண்கள் இறுகும், மூச்சு குறையும், மேல்ஸ்தாயி எட்டாமல் போகும். சுருதியை நாம் கட்டையில் சொல்வோம், எண் கூடினால் சுருதி உயரம். பெண்கள் பலர் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் ஆரம்பித்து வயதான பிறகு நாலரைக்கு, நாலுக்கு இறக்கிக்கொள்வார்கள். நீளமான பிருகா ஓடாது, அதனால் வாக்கியங்கள் சின்னதாகும், இடைவெளி கூடும். நாம் கேட்டுவிட்டு, ஆஹா என்ன நிதானம் என்போம். அதில் பாதி நிதானம், பாதி மூச்சு. இதைச் சொல்வதால் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இருக்கிற மூச்சில் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கத் தெரிவதே பெரிய கலை. செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறைத் தொட்ட பிறகும் பாடினார், அந்தக் கரகரப்பான குரலில் ராகத்தின் எலும்புக்கூடு அப்படித் தெளிவாகத் தெரியும்.

மேல்நாட்டு இசையில் இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க வசதியான ஒரு சான்று இருக்கிறது. கனடாவின் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், பாக் எழுதிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை 1955இல், 22 வயதில் பதிவு செய்தார், மறுபடி 1981இல், 48 வயதில். முதலாவது 38 நிமிடம், இரண்டாவது 51 நிமிடம். இரண்டாவதில் சில பகுதிகளை இரண்டு முறை வாசித்திருக்கிறார் என்பதும் இந்த நீளத்துக்கு ஒரு காரணம், ஆனால் தொடக்கப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாலே முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது பின்னதில் மூன்று நிமிடத்துக்கு மேல் போகிறது. பியானோவுக்குத் தொண்டை கிடையாது, மூச்சும் குறையாது. அப்படியிருந்தும் அவர் மெதுவாகத்தான் வாசிக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எது உயர்ந்தது என்று உலகம் முழுக்க ரசிகர்கள் இன்னும் கட்சி பிரிந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு இரண்டும் வேண்டும்.

இதுவரை எழுதியதைப் படித்தால் பக்குவம் என்றாலே மெதுவாக, சோகமாகப் பாடுவது என்று யாராவது நினைத்துவிடக்கூடும். மதுரை மணி ஐயரைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும். 1912இல் பிறந்து 1968இல் மறைந்தவர், அவருடைய ஸ்வரங்கள் சர்வலகுவாக, அதாவது சிக்கலான கணக்குப் போட்டு மிரட்டாமல், தாளத்தோடு கைகோத்து நடக்கிற மாதிரி போகும். அதில் கண்ணீர் கிடையாது, ஒரு நிறைவான சந்தோஷம், எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஆள் சிரிக்கிற மாதிரி. தாளமே தெரியாதவர்கள்கூட அதைக் கேட்டுத் தொடையில் தட்டுவார்கள். அந்த எளிமை வருவதற்கு எவ்வளவு சாதகம், அதாவது பயிற்சி, தேவைப்பட்டிருக்கும் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சந்தோஷத்தைச் சத்தம் போடாமல் பாடுவதும் முதிர்ச்சிதான், சோகத்தைவிட அது கடினம் என்றுகூட நான் சொல்வேன்.

இன்னொன்று, கேட்பவருக்கும் வயதாகிறது. பள்ளியறைப் பூஜைக்குச் சுவாமி பாதம் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு வரும்போது வாசிக்கிற நாதஸ்வரத்தைச் சின்ன வயதில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன், தூக்கக் கலக்கம்தான் ஞாபகம் இருக்கிறது. இப்போது அதே வாசிப்பு என்னை நகரவிடாமல் தூணோரம் நிறுத்தி வைக்கிறது. அதில் வாசிப்பவருடைய பங்கு எவ்வளவு, என்னுடைய ஐம்பது வருடங்களின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியாது.

சரி, இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் ஒன்று செய்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு பாடகரின் ஒரே பாட்டை, இருபது வருட இடைவெளியில் பாடிய இரண்டு பதிவுகளைத் தேடி எடுத்து, பல்லவியை மட்டும் நாலைந்து தடவை மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். எங்கே நிற்கிறார், எந்தச் சொல்லைத் தொடும்போது குரல் மாறுகிறது, முதல் பதிவில் இருந்த எது இரண்டாவதில் இல்லை, இதை மட்டும் கவனியுங்கள்.

அண்ணன் மகளுக்கும் இதையேதான் சொன்னேன். அவள் வேறு யாருடைய பதிவையும் தேடவில்லை. அந்த நவராத்திரிக் கொலுவில் நான் பாடியதை மாமா டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார், அந்த கேசட்டைப் பரணிலிருந்து எடுத்து, எங்கேயோ கொடுத்து மொபைலுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். என்னை இப்போது பாடச் சொல்லி அதையும் பதிவு செய்தாள். இரண்டையும் காதில் மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டாள். "இப்ப பாடறதுதான் கூப்பிடற மாதிரி இருக்கு, அத்தை" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா பழசுல சரணத்துல மேல போறீங்கல்ல, அங்க பயமே இல்ல உங்களுக்கு. இப்ப அந்த இடத்துக்கு முன்னாடி லேசா யோசிக்கிறீங்க" என்றாள். வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். மேல் ஷட்ஜத்துக்குப் போகிற இடத்தில் அந்தப் பதினாறு வயதுப் பெண் தரையைப் பார்க்காமல் குதிக்கிறாள். அவள் சொன்னது சரி.